ஓர் இரவு விட்டு அளக்க வேண்டும்

கழற்றும்போது முதலில் கறுப்பு வயர், பிறகுதான் சிவப்பு.
மாட்டும்போது சிவப்பு முதலில்.
மாதம் ஒருமுறை, ஆறு மணி நேரம்.
பச்சை விளக்கு வந்ததும் எடுத்துவிடு.

கூட்டிக்கொண்டு போகுமுன்
பெட்ரோல் பங்க் ரசீதின் பின்பக்கத்தில்
யோர்மா எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்.
அம்மா கல்லறைக்குக் கிறிஸ்துமஸ் மெழுகுவத்தி யார் வைப்பது,
நாயை யார் வளர்ப்பது,
ஒரு வரி இல்லை.

படகை எடுத்துக்கொண்டார்கள். காரையும்.
மோட்டார் சைக்கிள் என் பெயரில் இருந்ததால் தப்பித்தது.
எனக்கு அதை ஓட்டத் தெரியாது.

கெமியில் அக்டோபரிலேயே ஆற்றோரம் கெட்டிப்படும்.
கொதிக்கும் சூப்புச் சட்டியைத் தூக்குவதுபோல்
சாயாமல் கொண்டுவந்து
காபி டப்பாவுக்கும் ரேடியோவுக்கும் நடுவே
ஒரு பலகைத் துண்டில் வைத்தேன்.
சார்ஜர் முனகியது. சிவப்பு.
ரொட்டி சுட்டேன், காலுறை துவைத்தேன்,
வாசலில் பனி தள்ளினேன்.
பச்சை.

மூன்றாம் சனிக்கிழமைகளில் ரயிலேறி ஓலு சிறைக்கு.
"எவ்வளவு?" என்பான்.
"பன்னிரண்டு புள்ளி ஏழு."
தலையாட்டுவான்.
முக்கால் மணி நேரத்தில்
மிச்சமெல்லாம் வானிலை.

சும்மா வைத்திருந்தாலே குறைந்துகொண்டிருக்கும்,
யாரும் தொட வேண்டாம் என்றார் கடைக்காரர்.
மீனவர் சங்கக் கணக்கும் அப்படித்தான் குறைந்தது,
ஆறு வருஷம், இவன் பொருளாளராக இருந்தபோது
என்று நாக்கு நுனிவரை வந்தது.
மல்டிமீட்டருக்குப் பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரியில் கடை வரிசையில்
எனக்கு முன்னால் ஹில்க்கா.
சில்லறையை இரண்டு முறை எண்ணினாள்,
வெண்ணெயைத் திருப்பி வைத்தாள்.
என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.
என் கூடைக்கு இடம்விட்டு
கொஞ்சம் ஒதுங்கி நின்றாள், அவ்வளவுதான்.

அன்றிரவு பேட்டரியை விறகுக் கொட்டகையில் வீசாத குறையாய் வைத்தேன்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
நிரம்பியிருந்தால் தாங்கும்.
குறைந்திருந்தால் உள்ளே உறைந்து வயிறு பிளக்கும்.
பிளக்கட்டும் என்றேன்,
சத்தமாக, விறகிடம்.

ஒன்பது நாள்.
பத்தாம் நாள் காலை, சிறைக்குப் போகும் முந்தின தினம்,
போய்த் தூக்கிவந்தேன். விரிசல் இல்லை.
அடுப்பருகே குளிர் விடும்வரை காத்திருந்து
சார்ஜர் போட்டேன்.
பச்சை வந்ததும் அவசரமாய் அளந்தேன்.

"பதின்மூன்று புள்ளி ஒன்று."
நிமிர்ந்து பார்த்தான்.
"கழற்றின உடனே அளந்தாயா?"
"ஆமாம்."
"அது மேலோட்டம், பிர்யோ. பொய் எண்.
ஓர் இரவு ஒன்றும் செய்யாமல் விட்டு அளந்தால்தான்
உள்ளே எவ்வளவு என்று தெரியும்."

சொல்லிவிட்டு வாயடைத்துப் போனான்.
கைதான மறுநாளே அவன் எழுதிய மன்னிப்புக் கடிதம்
எனக்கு ஞாபகம் வந்தது.
நாலு பக்கம், நிறுத்தக்குறி தவறாமல்.
சங்கச் சுவரில் ஒட்டினார்கள்.
ஒருவரும் கிழிக்கவில்லை.
ஒருவரும் முதல் பக்கத்தைத் தாண்டவுமில்லை.
அவனுக்கும் அதுதான் ஞாபகம் வந்ததா,
நான் கேட்கவில்லை.

காவலர் கடிகாரத்தைப் பார்த்த பிறகு கேட்டான்:
"ஹில்க்கா எப்படி இருக்கிறாள்?"
"வெண்ணெயைத் திருப்பி வைத்தாள்" என்றேன்.

ஏப்ரலில் ஒரு தபால் அட்டை.
விற்றுவிடு, உன் பெயரில்தானே இருக்கிறது.
சங்கத்தில் கட்டிவிடு. ரசீதை எனக்கு அனுப்பாதே.

ஆற்றில் பனிக்கட்டி உடைந்து போயாயிற்று.
நாளை ரோவனியேமியிலிருந்து ஒரு பெண் வருகிறாள்,
ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவாளாம்.
செவ்வாய்க்கிழமை யோர்மா வருகிறான்.

சாயங்காலம் பச்சை வந்தது. கழற்றினேன்.
மல்டிமீட்டர் மேஜைமேல் கைக்கெட்டும் தூரத்தில்.
நாய் அதை முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொண்டது.
சமையலறை விளக்கை அணைத்தேன்,
அணைத்தும் வெளிச்சம்தான், மே மாதம்.